டாக்கடியில் பொடி மீன்தான் கடிக்கிறது, பாஸ் மீன் எங்கே?

ஸ்காபரோவிலிருந்து ஒரு வாசகி கேட்கிறார்: "ஜூலை நடுவில் ஒரு வாரம், கவார்த்தா பக்கம் சின்ன ஏரி ஒன்றின் கரையில் காட்டேஜ் எடுத்திருக்கிறோம். மகனுக்கு 12 வயது, மகளுக்கு 8. போன வருடமும் அங்கேதான் போனோம். படகு கட்டும் டாக்கில் நின்று தூண்டில் போட்டால், விரல் நீள மீன்கள் புழுவை உருவித் தின்றுவிட்டுப் போய்விட்டன. பாஸ் ஒன்றுகூடப் படவில்லை. இந்த முறை என்ன செய்யலாம்? பிடித்ததைச் சமைக்கலாமா?"

அந்தப் பொடி மீன்களையே துப்பாக வைத்துக்கொள்ளுங்கள். பெரும்பாலும் அவை புளூகில், பம்ப்கின்சீட் என்கிற ஏரி மீன்களின் குஞ்சுகள். செவுள் மூடியின் நுனியில் செம்பொட்டு இருந்தால் பம்ப்கின்சீட். நுனி முழுக்கக் கறுப்பென்றால் புளூகில். ஆழமில்லாத இடத்து நீர்க்களைக்குள் அவை நெருக்கியடித்துக் கிடப்பது பாஸுக்குப் பயந்துதான். உள்ளங்கை அளவு வளர்ந்துவிட்டால் பாஸின் வாய்க்குள் எளிதில் அடங்காது. அப்போது துணிந்து வெளியே வந்து, திறந்த நீரில் மிதக்கும் மிகச் சிறிய உயிரினங்களை மேயும். ஆக, உங்களுக்கு வேண்டிய பெரிய புளூகில், பாஸ் இரண்டுமே களை முடிகிற விளிம்பில் இருக்கின்றன. டாக்கடியில் அல்ல.

கனூவில் மெதுவாக வெளியே போங்கள். பிள்ளைகள் லைஃப் ஜாக்கெட்டைக் கழற்றவே கூடாது. களை கண்ணுக்கு மறைந்து நீர் கறுக்கும் இடம் வரும். தெளிந்த ஏரியில் அது பெரும்பாலும் 3 முதல் 5 மீட்டர் ஆழம். அங்கேயே நங்கூரம் போடுங்கள். ஏரியின் நடு ஆழத்துக்குப் போக வேண்டாம். கோடையில் சூடான நீர் மேலும் குளிர்ந்த நீர் கீழுமாகப் பிரிந்து நிற்கும். அடி நீரில் பல ஏரிகளில் பிராணவாயு தீர்ந்துவிடும். அங்கே தூண்டிலை இறக்கிப் பயனில்லை.

புளூகிலுக்கு 4 பவுண்டு இழுவை தாங்கும் தூண்டில் நரம்பு, 8 அல்லது 10-ஆம் எண் கொக்கி, ஒல்லியான தக்கை போதும். முழுப் புழுவைக் கோப்பதுதான் எல்லோரும் செய்யும் தவறு. புளூகிலின் வாய் சட்டைப் பொத்தான் அளவுதான். தொங்குகிற வாலைக் கடித்து இழுத்துக்கொண்டு ஓடிவிடும். நக நீளத் துண்டு ஒன்றைக் கொக்கி மறையக் கோத்துவிடுங்கள். ஈயக்குண்டுக்குப் பதில் தகரக் குண்டு வாங்குங்கள். நம் ஒரு டாலர் நாணயத்தில் நீந்துகிற லூன் பறவை, கூழாங்கல்லோடு ஈயத்தையும் விழுங்கிச் செத்துப்போகிறது.

பாஸுக்கு விடியலும் அந்தியும்தான் நேரம். 5 அங்குல ரப்பர் புழுவின் நடுவில் கொக்கியைக் குத்தி, குண்டு எதுவும் கட்டாமல் களை விளிம்பில் வீசுங்கள். பிறகு கையை ஆட்டாமல் இருக்க வேண்டும். மகனுக்கு இதுதான் கடினமாக இருக்கும். புழு தானாக நெளிந்து இறங்கும்போதுதான் பாஸ் எடுக்கும். நரம்பு பக்கவாட்டில் நகர்ந்தால் தொய்வைச் சுற்றிவிட்டு இழுங்கள். உச்சி வெயிலென்றால் விழுந்துகிடக்கும் மரத்தின் நிழலைப் பாருங்கள்.

எதை வைத்துக்கொள்வது, எதை விடுவது? இதில் எனக்கு உறுதியான கருத்து உண்டு. கிங்ஸ்டனுக்கு வடக்கே ஒப்பினிகன் ஏரியில் குயின்ஸ் பல்கலைக்கழகத்தின் உயிரியல் நிலையம் இருக்கிறது. அங்கே புளூகிலைப் பல்லாண்டுகள் ஆராய்ந்திருக்கிறார்கள். கூடு தோண்டி, வாலால் முட்டைக்கு விசிறி, காவல் நிற்கும் ஆண் மீன் அந்த நிலைக்கு வர ஏறக்குறைய 7 வருடம் எடுக்கிறது. கூடு கட்டாமல் திருட்டுத்தனமாக முட்டையைக் கருவுறச் செய்யும் குட்டி ஆண்களோ 2 வயதிலேயே முதிர்ந்துவிடுகின்றன. காவல் காப்பது அவற்றின் வேலையல்ல. பெரிய ஆண்களையே பொறுக்கி எடுத்தால், மற்றவை சிறு உடலிலேயே முதிர்ந்து வளர்ச்சியை நிறுத்திவிடும். பிறகு ஏரி முழுக்கப் பொடி மீன்தான். ஆகவே உள்ளங்கை அளவு மீன்களில் ஒரு நேரச் சாப்பாட்டுக்கு மட்டும் எடுங்கள். ஆகப் பெரியவற்றை விடுங்கள். பாஸையும் விடுங்கள்: பொடிக் கூட்டத்தைக் கட்டுக்குள் வைப்பது அதுதான். தவிர, இரை பிடித்துத் தின்னும் பெரிய மீனில் பாதரசம் கூடுதலாகச் சேரும். ஒன்டாரியோ மாகாண அரசு வெளியிடும் உண்ணும் மீன் வழிகாட்டியில் உங்கள் ஏரி இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள்.

பிள்ளைகளுக்கு மீன்பிடி உரிமம் தேவையில்லை. 18 முதல் 64 வயது வரையுள்ள பெற்றோர் நீங்கள் இருவரும் எடுக்க வேண்டும். ஆளுக்கு ஒரு தூண்டில்தான். ஒரு நாளில் எத்தனை மீன் எடுக்கலாம் என்பது மீன்பிடி மண்டலத்துக்கு மண்டலம் மாறும். புறப்படும் முன் படித்துக்கொள்ளுங்கள்.

கொக்கியில் பட்ட மீனைக் கையில் பிடிக்க மகளுக்குச் சொல்லிக்கொடுங்கள்: கையை நனைத்து, தலையிலிருந்து வால்பக்கம் தடவினால் முதுகு முள் படிந்துவிடும், குத்தாது. சமையலுக்கு புளூகில், தமிழ்நாட்டு ஜிலேபி மீனை, வன்னியில் ஜப்பான் என்கிற மீனை நினைவூட்டும். கெண்டைபோல் சதைக்குள் கிளை முள் இல்லாததால் பிள்ளைகள் பயமின்றிச் சாப்பிடலாம். செதில் சுரண்டி, குடல் எடுத்து, இரு பக்கமும் கீறி, உப்பு, மஞ்சள், மிளகாய்த்தூள் பூசி அரை மணி நேரம் ஊறவிட்டு மொறுமொறுவென்று பொரியுங்கள். புழு டப்பாவில் மிஞ்சிய மண்ணை ஏரிக்கரையில் கொட்ட வேண்டாம். குப்பைப் பையில் கட்டி வீட்டுக்குக் கொண்டுவாருங்கள்.