கண் தசைக்கு இருக்கும் நுணுக்கம் கெண்டைக்கால் தசைக்கு ஏன் இல்லை?

எல்லாம் நாம் நினைத்தபடி அசைக்கும் எலும்புத் தசைதானே, பிறகு ஏன் இந்த வித்தியாசம் என்று கேட்டிருந்தீர்கள். பெரும்பாலும், நரம்பு தசையைப் பங்கு போட்டிருக்கும் விதத்தால்தான்.

மூளைத்தண்டிலிருந்தோ தண்டுவடத்திலிருந்தோ வரும் ஒவ்வொரு இயக்க நரம்பணுவும் தசைக்குள் கிளை பிரிந்து பல நார்களைத் தொடுகிறது. ஆனால் ஒரு நார் ஒரே நரம்பணுவின் பேச்சைத்தான் கேட்கும். நரம்பு முனையில் அசிட்டைல்கோலின் என்ற வேதிப்பொருள் வெளிப்பட்டதும் அந்தக் கூட்டம் முழுக்கச் சேர்ந்து சுருங்கும். பாதி மட்டும் சுருங்காது. ஒரு நரம்பணுவும் அது தொடும் நார்களும் சேர்ந்த இந்தக் கூட்டத்துக்கு இயக்க அலகு என்று பெயர்.

கண்ணை அசைக்கும் தசையில் ஓர் அலகுக்குச் சுமார் 10 நார்கள். கெண்டைக்காலில் 1000-க்கும் மேல். கையில் 1 ரூபாய் நாணயங்கள் இருந்தால் 37 ரூபாயை அப்படியே எண்ணிக் கொடுக்கலாம். 500 ரூபாய்த் தாளாகவே இருந்தால் முடியுமா?

அப்புறம், எனக்கு மிகவும் பிடித்த விஷயம் ஒன்று. அலகுகள் வேலைக்கு வருவதிலும் ஒரு வரிசை உண்டு. முதலில் சின்னவை வரும், பாரம் கூடக்கூடப் பெரியவை சேரும். நரம்புத் துடிப்பின் வேகமும் கூடும். முட்டையை உடையாமல் எடுக்கும் அதே கை தண்ணீர்க் குடத்தையும் தூக்குவது இப்படித்தான்.