வில்லனுக்கு மட்டும் ஏன் அந்த மூக்கு? கார்ட்டூன் படங்கள் பற்றிக் கேள்வி பதில்

அனிமேஷன் படிக்கும் பிள்ளைகளுக்கு ஸ்டோரிபோர்டும் (காட்சிகளைக் கட்டம் கட்டமாக வரைந்து வைப்பது) கதாபாத்திர வடிவமைப்பும் சொல்லிக்கொடுப்பது என் வேலை. குழந்தைகள் படங்களில் இனம், நிறம், ஆண் பெண் இவற்றின் மேல் குத்தப்படும் முத்திரைகள் பற்றிக் கேள்வி அனுப்பச் சொல்லியிருந்தேன். நிறையவே வந்தன. ஒரே மாதிரி இருந்தவற்றைச் சேர்த்துவிட்டேன். திட்டி எழுதியவற்றில் கேள்வி இருந்தால் மட்டும் எடுத்துக்கொண்டேன்.

மேடம், என் பையனுக்கு டிஸ்னியின் ‘அலாதீன்’ என்றால் உயிர். நாயகனே அரபுப் பையன். அப்புறம் அதில் இனவெறி எங்கே வந்தது? (ஒரு அப்பா, திருச்சி)

நாயகன் அரபுப் பையன்தான். ஆனால் அவன் முகத்தை வரைய முன்மாதிரியாக வைத்துக்கொண்டது டாம் குரூஸை! அவனும் ஜாஸ்மினும் அமெரிக்கக் கல்லூரிப் பிள்ளைகள் மாதிரி ஆங்கிலம் பேசுவார்கள். இப்போது அவர்களுக்குப் பின்னால் நிற்கும் காவலர்களையும் கடைக்காரர்களையும் பாருங்கள். புடைத்த மூக்கு, விழுந்த பல், கனத்த அயல் உச்சரிப்பு. பசியோடு நின்ற குழந்தைக்கு ஜாஸ்மின் ஓர் ஆப்பிளை எடுத்துக் கொடுத்ததற்கு, பழக்கடைக்காரர் அவள் கையையே வெட்டப் போவார். எல்லோரும் ஒரே ஊர்க்காரர்கள். நல்லவர்களுக்கு ஒரு முகம், மற்றவர்களுக்கு வேறு முகம்.

படத்தின் முதல் பாட்டிலும் ஒரு கதை உண்டு. 1992இல் படம் வந்தபோது, ‘உன் மூஞ்சி பிடிக்காவிட்டால் காதை அறுத்துவிடும் ஊர்’ என்ற பொருளில் ஒரு வரி இருந்தது. அரபு அமெரிக்கர்களின் அமைப்பு எதிர்ப்புத் தெரிவித்தது. 1993இல் வீடியோவாக வெளியிட்டபோது அதை மாற்றி, பாலைவன வெயிலைப் பற்றிய வரியாக்கினார்கள். ஆனால் அதற்கு அடுத்த வரி அந்த ஊரைக் காட்டுமிராண்டித்தனமானது என்கிறது. அதைத் தொடவில்லை. 2019இல் நடிகர்களை வைத்து மறுபடி எடுத்தபோதுதான் அந்தச் சொல் போனது.

எந்தப் படமானாலும் நான் முதலில் நாயகனைப் பார்ப்பதில்லை. கூட்டத்தைத்தான் பார்ப்பேன். நாயகனைச் செதுக்க வருடக்கணக்கில் உழைப்பார்கள். கூட்டத்தை வரையும்போது அவசரம். அந்த அவசரத்தில்தான் மனதில் ஏற்கெனவே இருப்பது கைக்கு வந்துவிடும்.

நாங்களெல்லாம் ‘டாம் அண்ட் ஜெர்ரி’ பார்த்து வளர்ந்தவர்கள். பூனையும் எலியும் துரத்திக்கொள்வதில் என்ன இனம், நிறம்? (ஓய்வு பெற்ற தலைமையாசிரியர்)

ஐயா, பூனை எலியை விடுங்கள். அந்த வீட்டுப் பெண்மணி நினைவிருக்கிறதா? கால் மட்டும்தான் தெரியும். தொளதொளக் காலுறை, செருப்பு, கையில் துடைப்பம். 1940இல் வந்த முதல் படத்திலிருந்தே இருக்கிறார், 1952 வரை வந்தார். கறுப்பினப் பெண். குரல் கொடுத்தவர் லிலியன் ராண்டால்ஃப் என்ற கறுப்பின நடிகை. பருத்த உடம்பு, கத்தல், கொச்சை ஆங்கிலம் எல்லாம் உண்டு, முகம் மட்டும் கிடையாது. அமெரிக்க மேடையிலும் சினிமாவிலும் அதற்கு முன்பே பழகிப்போன ‘மேமி’ என்ற வேலைக்காரி வார்ப்பு அது. குண்டு வெடித்ததும் டாமின் முகம் கரியாகி, உதடு தடித்து, தலையில் குட்டிச் சடைகள் முளைக்கும் காட்சிகளும் அங்கிருந்து வந்தவைதான்.

1960களில் தொலைக்காட்சிக்காகச் சில படங்களில் அந்தப் பெண்ணை வெள்ளைக்காரியாக மாற்றி வரைந்தார்கள். முகம் கொடுத்திருக்கலாம். நிறத்தைத்தான் மாற்றினார்கள்.

நீங்கள் பார்த்ததால் கெட்டுப்போனீர்கள் என்று நான் சொல்லவில்லை.

‘லிட்டில் மெர்மெய்ட்’ முதல் இன்றுவரை கதாநாயகி பெண்தானே அக்கா? அப்புறமும் பெண்களுக்கு இடமில்லை என்கிறீர்களே. (கல்லூரி மாணவி, கோவை)

தலைப்பில் இடம் இருக்கிறதும்மா. பேச்சில்தான் இல்லை. கார்மன் ஃபாட், கேரன் ஐசன்ஹவர் என்ற இரண்டு மொழியியலாளர்கள் டிஸ்னி இளவரசிப் படங்களில் யார் எவ்வளவு பேசுகிறார்கள் என்று எண்ணி, 2016இல் சொன்னார்கள். 1937இல் வந்த ‘ஸ்னோ ஒயிட்’டில் ஆணும் பெண்ணும் பாதிப் பாதி. 1950இன் ‘சிண்ட்ரெல்லா’வில் பெண்கள் 60 சதவீதம். 1989இல் ‘லிட்டில் மெர்மெய்ட்’ வருகிறது, ஆண்கள் 68 சதவீதம் பேசுகிறார்கள். ‘அலாதீன்’ 90 சதவீதம். வீரப் பெண் கதையான ‘மூலான்’கூட 77 சதவீதம். அதில் கூட வரும் குட்டி டிராகன் மூஷூ, மூலானைவிட ஒன்றரை மடங்கு பேசுகிறது!

பழைய படங்கள் முற்போக்கானவை என்று இதற்கு அர்த்தமில்லை. அவற்றில் பேசுவதற்கு ஆட்களே கொஞ்சம் பேர்தான். 1989க்குப் பிறகு படத்தில் நண்டு, மந்திரி, கடைக்காரர், போர்வீரர், கூட வரும் வேடிக்கைத் துணை என்று கூட்டம் பெருகியது. அந்தக் கூட்டத்தை யோசிக்காமல் ஆண்களாகவே போட்டார்கள். மறுபடியும் கூட்டம்தான், பாருங்கள்.

மிருகங்களை வைத்து எடுத்தால் இந்தத் தொல்லையே இல்லையே? (பெயர் வேண்டாம் என்றவர்)

மிருகங்களை வைத்தால்தான் கூத்தே. ‘பீ மூவி’ 2007இல் வந்தது. தேனீக் கூட்டில் பூவுக்குப் போய் வருபவர்கள் எல்லாம் மார்பு விரிந்த ஆண் பிள்ளைகள், நாயகனும் ஆண். நிஜத்தில் பூவுக்குப் போகும் வேலைக்காரத் தேனீ ஒவ்வொன்றும் பெண். ஆண் தேனீக்குக் கொடுக்கே கிடையாது. படத்திலோ ஆண் தேனீ ஒன்று வழக்கறிஞரைக் கொட்டிவிட்டு மருத்துவமனையில் படுக்கிறது. 1998இல் வந்த இரண்டு எறும்புப் படங்களிலும் உழைக்கும் நாயகன் ஆண். எறும்பிலும் வேலைக்காரர்கள் பெண்கள்தான்.

2006இல் ‘பார்ன்யார்ட்’ என்று ஒரு படம். நாயகன் ஒரு மாடு, ஆண், பெயர் ஓடிஸ். வயிற்றுக்குக் கீழே பால்மடி தொங்கும். எங்கள் வகுப்பில் இந்தப் படத்தைப் போட்டால் கிராமத்திலிருந்து வந்த பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். பசு என்று தெரிந்தும் ஆணாக்க வேண்டும் என்று தோன்றியிருக்கிறதே, அதுதான் விஷயம். ‘நாயகன்’ என்றதும் கை தானாக ஆணை வரைகிறது.

கோமாளி மீனில் பெண் இறந்தால் ஆண், பெண்ணாக மாறும். அந்தக் கணக்கில் ‘ஃபைண்டிங் நீமோ’ படத்தில் நீமோவின் அப்பா அம்மாவாகியிருக்க வேண்டும். சரி, அது வேறு படம்.

‘லயன் கிங்’ கழுதைப்புலிகள் கறுப்பர்களைக் குறிக்கின்றன என்று படித்தேன். இதெல்லாம் வலிந்து சொல்வது இல்லையா? (மென்பொருள் துறை, சென்னை)

பாதி ஒத்துக்கொள்கிறேன். சிங்க ராஜா முஃபாசாவின் கம்பீரக் குரலும் கறுப்பினத்தவரான ஜேம்ஸ் ஏர்ல் ஜோன்ஸுடையதுதான், அதனால் நேர்க்கோடு போட முடியாது. ஆனால் பேசும் கழுதைப்புலிகள் இரண்டுக்கும் ஊப்பி கோல்ட்பர்க், சீச் மரின் என்று ஒரு கறுப்பினத்தவரும் ஒரு மெக்சிகோ வம்சாவளிக்காரரும் தெருப்பேச்சில் குரல் கொடுக்கிறார்கள். அரசகுலத்தில் பிறந்த சிம்பா பேசுவது சுத்தமான அமெரிக்க ஆங்கிலம். வெளிச்சம் படாத நிலத்தில் வாழ்பவர்கள் உள்ளே வந்ததும் நாடே காய்ந்துபோகிறது என்பது கதை. ஒவ்வொன்றும் தனியாகத் தற்செயலாக இருக்கலாம். சேர்த்து வைத்தால் எனக்கு உறுத்துகிறது. நம் படங்களில் ரவுடிக்கும் பிக்பாக்கெட்டுக்கும் மெட்ராஸ் பாஷை கொடுத்தோமே, அங்கே பிறந்து வளர்ந்தவர்களைக் கேட்டுப் பாருங்கள்.

டிஸ்னியின் முதல் கறுப்பின இளவரசி வந்துவிட்டாரே, இன்னும் என்ன குறை? (ஒரு அம்மா, பெங்களூரு)

2009இல் ‘பிரின்சஸ் அண்ட் தி ஃப்ராக்’. 1920களின் நியூ ஆர்லியன்ஸ், டியானா என்ற பரிமாறும் பெண் சில்லறையைத் தகர டப்பாக்களில் சேர்த்து உணவகம் திறக்கப் பார்க்கிறாள். முதலில் பெயர் மேடி என்றும், வீட்டு வேலைக்காரி என்றும் வைத்திருந்து, விமர்சனம் வந்ததும் மாற்றினார்கள். ‘உன் மாதிரிப் பின்னணியில் வந்த பெண்ணுக்கு’ இவ்வளவு பெரிய கடை எதற்கு என்று இடத்துக்காரர்கள் சிரித்துக்கொண்டே சொல்லும் காட்சி நன்றாக இருக்கும். ஆனால் தவளையாகிப்போன இளவரசனுக்கு முத்தம் கொடுத்ததும் அவளும் தவளையாகிவிடுகிறாள். படத்தில் பெரும்பகுதி பச்சைத் தவளைதான். 2020இல் பிக்ஸார் முதல் முறையாகக் கறுப்பின நாயகனை வைத்து ‘சோல்’ எடுத்தது. அவரும் கொஞ்ச நேரத்தில் வெளிர்நீல ஆவியாகிறார், அப்புறம் அவருடைய உடம்புக்குள் வேறொருத்தி புகுந்துகொள்கிறாள். இரண்டும் எனக்குப் பிடித்த படங்கள். இருந்தாலும், தன் நிறத்தில் ஒரு முகத்தைத் திரையில் தேடி வந்த குழந்தைக்கு அந்த முகம் எத்தனை நிமிடம் கிடைத்தது?

நம் ஊர்ப் படங்களைப் பற்றிப் பேசவே மாட்டீர்களா? (மூன்று பேர் கேட்டது)

பேசலாமே. ‘சோட்டா பீம்’ 2008இல் தொடராக வந்து, 2012இல் திரையரங்குக்கும் போனது. நல்லவன் பீம் வெளிர் நிறம். வம்புக்காரன் காலியா கறுப்பு, குண்டு. சுட்கிக்குக் கன்னத்தில் ரோஜா நிறம், கையில் லட்டு. சண்டை பீமுக்கு, சண்டைக்குத் தெம்பு தரும் லட்டு சுட்கி கொடுக்க வேண்டியது. இதற்கு வால்ட் டிஸ்னியைக் குறை சொல்ல முடியாது. ராட்சதனைக் கறுப்பாகவும் தேவனைச் சிவப்பாகவும் வரைவது நம் காலண்டர் படங்களிலிருந்தே இருக்கிற பழக்கம்.

தமிழ்ப் பிள்ளை யாராவது இந்தப் படங்களில் உண்டா? (டொராண்டோ)

உங்கள் ஊர்க் கதையிலேயே உண்டு. டொராண்டோவில் நடக்கும் ‘டர்னிங் ரெட்’ (2022) படத்தில் பிரியா என்ற தோழிக்குக் குரல் கொடுத்தவர் மைத்ரேயி ராமகிருஷ்ணன், கனடாத் தமிழர். பிரியா படிப்பாளியும் இல்லை, கோயிலுக்குப் போகும் காட்சியும் இல்லை. சலிப்பான குரலில் நக்கல் அடிப்பாள், பாய்பேண்டுக்கு உருகுவாள், அவ்வளவுதான். அதனாலேயே எனக்குப் பிடிக்கும்.

பழைய படங்களில் தப்பான காட்சிகளை வெட்டிவிட்டால் போகாதா? (ஒரு அப்பா, சேலம்)

வெட்டியிருக்கிறார்கள். 1940இன் ‘ஃபேன்டேசியா’வில் பாதிப் பெண், பாதிக் குதிரையான உருவங்களுக்குக் குளம்பு துடைத்துவிடும் கறுப்பினச் சிறுமி உருவம் ஒன்று இருந்தது. 1960களில் வெட்டிவிட்டார்கள், இன்றைய பிரதியில் அது இல்லை. வெட்டியதில் ஒரு வசதி, நிறுவனத்துக்கும் அது இல்லாததாகிவிடுகிறது. 2020இல் டிஸ்னி பிளஸில் சில படங்களுக்கு முன்னால், இதில் வரும் சித்தரிப்புகள் அன்றும் தவறு, இன்றும் தவறு என்று ஓர் அறிவிப்பு போட்டார்கள், 2025 தொடக்கம் வரை அது வந்தது. ‘டம்போ’, ‘பீட்டர் பான்’ போன்றவற்றை 2021இல் குழந்தைகள் கணக்கிலிருந்து எடுத்துவிட்டார்கள். எனக்கு வெட்டுவதைவிட இது மேல்.

‘டம்போ’வைப் பெரியவர்கள் ஒருமுறை பாருங்கள். கொட்டும் மழையில் இரவில் கறுப்பினத் தொழிலாளிகள் சர்க்கஸ் கூடாரம் அடிக்கிறார்கள். ஒருவருக்கும் முகம் வரையவில்லை. எழுதப் படிக்கத் தெரியாது, கூலி வந்தால் வீசி எறிந்துவிடுவோம் என்று சந்தோஷமாகப் பாடுகிறார்கள். கறுப்பினத்தவரைக் கேலி செய்வதுபோல் அதில் வரும் காகங்களைப் பற்றித்தான் எல்லோரும் பேசுவார்கள், எனக்கு அதைவிட இந்த இரண்டு நிமிடம்தான் கசக்கிறது.

ஏழு வயது மகளுக்கு ‘ஜங்கிள் புக்’ காட்டலாமா? (ஒரு அம்மா, மதுரை)

தாராளமாக. 1967இன் படம், பாட்டுக்காகவே பார்க்கலாம். கடைசியில் ஒரு சிறுமி குடத்தோடு ஆற்றுக்கு வருவாள். அப்பா வேட்டைக்கு, அம்மா அடுப்படிக்கு, நான் தண்ணீருக்கு, நாளைக்கு எனக்கும் ஒரு மகள் பிறப்பாள், அவளைத் தண்ணீருக்கு அனுப்பிவிட்டு நான் சமைப்பேன் என்று பாடிக்கொண்டே குடத்தை வேண்டுமென்றே உருட்டிவிடுவாள். மௌக்லி அதை எடுத்துக்கொண்டு அவள் பின்னாலேயே ஊருக்குப் போய்விடுவான். படம் முழுக்கப் பேசும் பெண்கள் அவளும் யானைத் தலைவரின் மனைவியும்தான்.

நிறுத்தி நிறுத்திப் பாடம் நடத்தாதீர்கள், பிள்ளை எழுந்து போய்விடும். படம் முடிந்த பிறகு, அந்தச் சிறுமிக்கு என்ன பெயர் வைக்கலாம் என்று கேளுங்கள். படத்தில் அவளுக்குப் பெயரே சொல்வதில்லை.

‘டோரா’ பற்றி வந்த கேள்விகளைத் தனியாக எடுத்து வைத்திருக்கிறேன். தொலைக்காட்சித் தொடர்களுக்கு ஒரு நாள் ஒதுக்குவோம்.