சுவிட்ச் வாங்கியாயிற்று; சங்கத்தில் சேர இன்னும் என்ன வேண்டும்?

கண்டியிலிருந்து ஒரு வாசகர் கேட்கிறார்: "மலையகத்தில் இயங்கும் மூன்று வலையமைப்புகள் தங்களுக்குள் தரவைப் பரிமாறிக்கொள்ள ஒரு இணையப் பரிமாற்ற மையம் அமைக்கிறோம். அவற்றை இணைக்கும் சுவிட்ச் கருவி வந்துவிட்டது. மூன்றில் ஒன்றுக்கு இன்னும் சொந்த ஏ.எஸ். எண் (இணையத்தில் ஒரு வலையமைப்பை அடையாளம் காட்டும் எண்) இல்லை. பரிமாற்ற மையங்களின் சங்கத்தில் சேர எங்கே விண்ணப்பிப்பது, என்னென்ன பார்ப்பார்கள்?"

எங்கே என்பதற்கு விடை எளிது. நம் வட்டாரத்துக்குரிய சங்கம் ஏபிக்ஸ், அதாவது ஆசிய பசிபிக் இணையப் பரிமாற்ற மையங்களின் சங்கம். ஐரோப்பாவுக்கு 2001இல் தொடங்கிய யூரோ-ஐஎக்ஸ், இலத்தீன் அமெரிக்காவுக்கு லாக்-ஐஎக்ஸ், ஆபிரிக்காவுக்கு ஆஃப்-ஐஎக்ஸ். இவை கூடிய கூட்டமைப்பு ஐஎக்ஸ்-எஃப். அதன் உறுப்பினர்கள் வட்டாரச் சங்கங்களே என்பதால் தனி மையம் ஒன்று நேரே அங்கே போய்ப் பயனில்லை.

உங்கள் கேள்வியில் சிக்கலான இடம் அந்த ஏ.எஸ். எண் இல்லாத மூன்றாவது வலையமைப்புத்தான். ஐஎக்ஸ்-எஃப் தரும் வரைவிலக்கணப்படி, இரண்டுக்கும் மேற்பட்ட சுதந்திரமான தன்னாட்சி வலையமைப்புகள் (ஏ.எஸ்.), அதாவது சொந்த எண் உள்ளவை, இணைந்தால்தான் அது பரிமாற்ற மையம். எந்த இரண்டு உறுப்பினருக்கும் இடையே போகும் தரவு, மூன்றாவது ஏ.எஸ். ஒன்றின் ஊடாகப் போகவேண்டிய கட்டாயமும் இருக்கக்கூடாது. ஆகவே இன்றைய நிலையில் உங்களிடம் இருப்பது இரண்டு வலையமைப்புகளுக்கிடையே ஒரு நேரடி இணைப்பு மட்டுமே. மூன்றாமவருக்கு அவருடைய சேவை வழங்குநர் 64512 முதல் 65534 வரையான எண் ஒன்றைக் கொடுத்திருந்தால் அது தனிப் பாவனைக்கான எண், கணக்கில் சேராது. அவர், ஆசிய பசிபிக் வட்டாரத்தில் இணைய எண்களையும் முகவரிகளையும் வழங்கும் ஏபிநிக்கிடம், பரிமாற்ற மையத்தில் இணையும் தேவையை விளக்கிச் சொந்த எண் கேட்கட்டும். மூன்றில் இரண்டு ஒரே கம்பனியின் கிளைகள் என்றால் அவை "சுதந்திரமானவை" என்று காட்டுவதும் கடினம். நான்காவது ஒருவரைத் தேடுவது நல்லது. பேராதனையில் தலைமையகம் கொண்டுள்ள லேர்ன் என்ற, பல்கலைக்கழகங்களை இணைக்கும் கல்வி வலையமைப்பு உங்களுக்கு அருகிலேயே இருக்கிறது. பல்கலைக்கழகம் ஒன்று உறுப்பினராக வந்தால் மற்றவர்களுக்கும் மையத்தின் நடுநிலையில் நம்பிக்கை வரும்.

அடுத்தது, மையம் யாருடையது என்பது. உறுப்பினர்களில் ஒருவரின் பெயரில் சுவிட்சும் முகவரிகளும் இருந்தால், அவரோடு மனக்கசப்பு வரும் நாளில் மையமே நின்றுவிடும். 2007ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கக் கம்பனிகள் சட்டத்தின் கீழ், பங்குகள் இல்லாத, உத்தரவாதத்தால் வரையறுக்கப்பட்ட கம்பனியாகப் பதிவதே இந்த வேலைக்குப் பொருத்தம் என்பது எங்கள் கருத்து. பதிவுக்குப் பிறகு, 1991ஆம் ஆண்டின் 25ஆம் இலக்கச் சட்டப்படி உரிமம் தேவையா என்று தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவிடம் எழுத்திலேயே கேட்டு, எழுத்திலேயே பதில் வாங்குங்கள். தொலைபேசியில் கிடைக்கும் பதிலை நம்பி கேபிள் இழுக்காதீர்கள்.

பியரிங் லானுக்கான (உறுப்பினர்கள் தரவு பரிமாறும் பொது வலையமைப்புக்கான) முகவரிகளையும் மையத்தின் பெயரிலேயே ஏபிநிக்கிடம் கேளுங்கள். பரிமாற்ற மையங்களுக்கென்று தனி ஒதுக்கீடு உண்டு. ஐபிவி6 என்ற புதிய முகவரி முறையில் அது ஒரு /48 அளவுத் தொகுதி. உறுப்பினர்களின் வழித்தடங்களை ஒருவரிடமிருந்து மற்றவர்களுக்குப் பகிரும் ரூட் சேர்வருக்குத் (route server) தனி ஏ.எஸ். எண் வேண்டும். லான் முகவரியை எந்த உறுப்பினரும் வெளி இணையத்துக்கு அறிவிக்கக்கூடாது என்பதை ஒப்பந்தத்தில் எழுதிவிடுங்கள்.

சுவிட்சில் ஒவ்வொரு போர்ட்டுக்கும் ஒரே ஒரு மேக் முகவரி (கருவியின் வன்பொருள் முகவரி), அதற்குமேல் வந்தால் தடுப்பு. உறுப்பினரின் பக்கத்தில் ஸ்பானிங் ட்ரீ, சிடிபி, எல்எல்டிபி, டிஎச்சிபி, ப்ராக்சி ஏஆர்பி, ஐபிவி6 ரவுட்டர் விளம்பரம் என்று கருவிகள் தாமாகவே அனுப்பும் அறிவிப்புகளும் பதில்களும் எல்லாம் அணைந்திருக்க வேண்டும். இதைச் சோதிக்கப் புதியவரை முதலில் தனியான ஒரு விலானில் (சுவிட்சுக்குள் பிரித்துவைத்த பகுதியில்) வைத்து, அவரிடமிருந்து என்னென்ன பொதி வருகிறது என்று பார்த்துவிட்டே பொது லானுக்கு மாற்றுங்கள். ஒருவரின் பக்கத்தில் லூப் (பொதிகள் முடிவின்றிச் சுற்றும் வளையம்) விழுந்தால் மூவரின் சேவையும் ஒன்றாகப் படுத்துவிடும். சிறு மையங்களில் அடிக்கடி நடப்பது இதுவே. ரூட் சேர்வர் இரண்டு வையுங்கள். அவற்றை இயக்கப் பேர்ட் என்ற மென்பொருள் போதும். ஆர்பிகேஐ சரிபார்ப்பையும் (முகவரியை அறிவிப்பவர் அதற்கு உரியவரா என்ற சோதனை) முன்னொட்டு வடிகட்டலையும் (அனுமதித்த முகவரித் தொகுதிகளை மட்டும் ஏற்பது) முதல் நாளே இயக்குங்கள்.

இங்கே புதியவர்களை நாட்கணக்கில் அலைக்கழிக்கும் ஒரு கோளாறு உண்டு. பிஜிபி (வலையமைப்புகள் வழித்தடங்களைப் பரிமாறும் நெறிமுறை) அமர்வு ஏறிவிடும், ஆனால் ஒரு வழித்தடம்கூட ஏற்றுக்கொள்ளப்படாது. காரணம், ரூட் சேர்வர் தன் ஏ.எஸ். எண்ணைப் பாதையில் (தரவு கடக்கும் வலையமைப்புகளின் எண் வரிசையில்) சேர்ப்பதில்லை. உறுப்பினரின் ரவுட்டரோ அந்த வரிசையின் முதல் எண் தன்னோடு நேரே பேசும் அண்டை வலையமைப்பினுடையதாக இருக்கவேண்டும் என்று எதிர்பார்த்துத் தள்ளிவிடுகிறது. சிஸ்கோ ரவுட்டர்களில் "என்ஃபோர்ஸ் ஃபர்ஸ்ட் ஏஎஸ்" என்ற அந்தச் சோதனையை அணைத்தால் சரியாகும்.

இனி, மையம் உண்மையில் இயங்குகிறது என்பதைக் காட்டும் தரவு. வலையமைப்புகளும் மையங்களும் தங்கள் விபரங்களை வெளியிடும் பியரிங்டிபி தரவுத்தளத்தில் மையத்தைப் பதியுங்கள். ஐஎக்ஸ்பி மனேஜர் என்ற இலவச மென்பொருளை நிறுவினால், உறுப்பினர் பட்டியலை ஐஎக்ஸ்-எஃப் வகுத்த ஜேசன் (கணினிகள் படிக்கும் உரை) வடிவில் அதுவே வெளியிடும். பரிமாற்ற மையங்களைப் பற்றிய ஐஎக்ஸ்பிடிபி தரவுத்தளமும் அதை எடுத்துக்கொள்ளும். கையால் எழுதுவதானால் போர்ட் வேகத்தில் கவனம்: அது மெகாபிட் கணக்கு. 10 ஜிகாபிட் போர்ட்டுக்கு 10000 என்று வரவேண்டும். 10 என்று எழுதினால் உலகுக்கு உங்கள் மையம் 10 மெகாபிட் மையமாகத் தெரியும். உறுப்பினர்கள் தத்தம் பியரிங்டிபி பதிவில் மையம் திருத்துவதற்கு அனுமதி தந்தால்தான் அங்கே தானாகவே புதுப்பிக்கப்படும்.

மலைநாட்டுக்கென்று ஒன்று சொல்லியாக வேண்டும். கண்ணாடி இழையில் ஒளி 200 கிலோமீற்றரை ஏறக்குறைய ஒரு மில்லிசெக்கனில் கடக்கும். ஆகவே கொழும்பு போய் வரும் நேரத்தை மிச்சப்படுத்துவதாக விண்ணப்பத்தில் எழுதினால் அது வலுவான காரணமாக நிற்காது. கொழும்புத் தொடர்பு அறும் நாளில் மலையகத்துக்குள் தொடர்பு நிலைப்பதே உண்மையான பயன். 2025 நவம்பரில் டித்வா புயலின்போது கண்டி, பதுளை, நுவரெலியா மாவட்டங்களில் விழுந்த மண்சரிவுகள் அந்தத் தேவையை எல்லோருக்கும் காட்டிவிட்டன. நுவரெலியாவுக்கான இரண்டு இழைகளும் றம்பொடைப் பாதையிலேயே வந்தால் அவை இரண்டல்ல, ஒன்றுதான். மற்றதை ஹட்டன் வழியாகவோ வெலிமடை வழியாகவோ கேளுங்கள். தளங்களின் பெயரை முகவரியாக மாற்றித் தரும் பெயர்த் தீர்வுச் சேர்வர்களும் மலையிலேயே இருக்க வேண்டும். அவை கொழும்பில் மட்டும் இருந்தால், பாதை அறுந்ததும் பக்கத்துத் தெரு வைத்தியசாலையின் தளம்கூடத் திறக்காது. இணையப் பெயர் அமைப்பின் உச்சியில் இருக்கும் மூலப் பெயர்ச் சேர்வரின் (root; மேலே சொன்ன ரூட் சேர்வர் அல்ல) பிரதி ஒன்றை மையத்தில் வைக்க முடியுமா என்று ஏபிநிக்கைக் கேளுங்கள்.

இவ்வளவும் ஆனபின் ஏபிக்ஸ் விண்ணப்பம் ஒரு பிற்பகல் வேலை. மையத்தின் சட்டப்பெயர், நகரம், இணையத்தளம், உறுப்பினர்களின் ஏ.எஸ். எண்கள், தரவுப் போக்குவரத்தின் அளவைக் காட்டும் வரைபடம், தொடர்பாளர் விபரம் ஆகியவற்றைத் தயாராக வைத்திருங்கள். மின்னஞ்சல் முகவரி மையத்தின் சொந்த டொமைனில், இரண்டு பேராவது பார்ப்பதாக இருக்கட்டும். ஒருவரின் தனி முகவரியைக் கொடுத்தால் அவர் வேலை மாறியதும் சங்கத்தின் கடிதங்கள் யாருக்கும் கிடைக்காது. ஏபிக்ஸ் கூட்டங்கள், வட்டார இணைய வலையமைப்பு மாநாடான ஏப்ரிகாட், ஏபிநிக் மாநாடு ஆகியவற்றை ஒட்டி நடப்பவை என்பதால், அடுத்த மாநாட்டுக்குச் சில வாரங்கள் முன்பே அனுப்பிவிடுங்கள்.