லாரி குடை சாய்வது யார் குற்றம்? வாசகர் கேள்வி-பதில்

கேள்வி (தக்கலைப் பக்கத்திலிருந்து ஒரு வாசகர்): ஐயா, எங்கள் ஊர்ச் சந்திப்பில் ரப்பர் தடி ஏற்றி வந்த லாரி ஒன்று வலப்புறம் திரும்பும்போது கவிழ்ந்துவிட்டது. லாரி வேகமாக வரவில்லை என்று பார்த்தவர்கள் சொன்னாலும், ஊரே ஓட்டுநரைத்தான் ஏசுகிறது. மெதுவாக வந்த லாரி எப்படிக் கவிழும்?

பதில்: நாஞ்சில் நாட்டில் அறுப்புக் காலத்தில் வைக்கோல் பாரம் ஏற்றிய மாட்டுவண்டி முடுக்கில் திரும்புவதைப் பார்த்தவர்களுக்கு இதன் விடை பாதி தெரிந்திருக்கும். வண்டிக்காரர் கீழே இறங்கி, மாட்டின் கயிற்றைப் பிடித்து, அடியடியாகத் திருப்புவார். பாரம் உயர உயர வண்டி குடை சாய்வது எளிதாகிறது என்பதை அவர் அறிவார். லாரிக்கும் அதே விதிதான். சக்கரங்களுக்கு இடையிலுள்ள அகலத்தில் பாதியை, பாரத்தோடு சேர்ந்த வண்டியின் எடை மையம் (மொத்த எடையும் குவிந்திருப்பதாகக் கொள்ளும் புள்ளி) தரையிலிருந்து நிற்கும் உயரத்தால் வகுத்தால், அந்த வண்டி எவ்வளவு பக்கவாட்டு விசையைத் தாங்கும் என்பது ஏறக்குறையத் தெரிந்துவிடும். காரின் எடை மையம் தாழ்வாக இருப்பதால், அது கவிழ்வதற்கு முன்பே பெரும்பாலும் வழுக்கிவிடும். உயரமாகப் பாரம் ஏற்றிய லாரியோ, தன் எடையில் 35 முதல் 40 சதவீதம் அளவுக்குப் பக்கவாட்டு விசை வந்தாலே சாயத் தொடங்கிவிடும்.

'மெதுவாக' என்ற சொல்தான் இங்கே நம்மை ஏமாற்றுகிறது. 30 மீட்டர் ஆரமுள்ள வளைவில் மணிக்கு 30 கிலோமீட்டர் வேகத்தில் திரும்பும் லாரியின் மீது அதன் எடையில் சுமார் 24 சதவீத விசை பக்கவாட்டில் செயல்படுகிறது. அதே வளைவில் வேகம் 40 ஆனால் அது 42 சதவீதத்தைத் தொட்டுவிடுகிறது. வேகம் மூன்றில் ஒரு பங்கு கூடியதற்கு விசை ஏறத்தாழ 1.8 மடங்கு ஆகிவிட்டது. சாலையோரம் நின்று பார்ப்பவர் கண்ணுக்கு 30-க்கும் 40-க்கும் என்ன வேறுபாடு தெரியப்போகிறது? ஓட்டுநருக்கும், நேர்ச்சாலையில் 60-இல் வந்தபின் 40 என்பது ஊர்ந்து செல்வது போலத்தான் இருக்கும்.

இதோடு சாலையின் சாய்வையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். மழைநீர் வடிவதற்காகச் சாலை நடுவில் உயர்ந்து இரு ஓரங்களிலும் தாழ்ந்திருக்கும். வலப்புறம் திரும்பி அடுத்த சாலையின் இடப்பாதியில் ஏறும் லாரிக்கு, அந்தச் சாய்வு வெளிப்புறமாக, அதாவது வண்டி சாயும் பக்கமாகவே அமைந்துவிடுகிறது. வளைவுகளில் வெளி ஓரத்தை உயர்த்திக் கட்ட வேண்டும் என்பது சாலைப் பொறியியலின் பால பாடம். சமவெளிச் சாலைகளில் 7 சதவீதம் வரை உயர்த்த இந்தியச் சாலைக் குழும விதிகள் இடம் தருகின்றன. ஆனால் சந்திப்பில் இரு சாலைகளின் மட்டங்கள் ஒன்றோடொன்று முட்டிக்கொள்வதால், அந்தப் பாடம் அங்கேதான் அதிகம் மறக்கப்படுகிறது.

களியக்காவிளையிலிருந்து மார்த்தாண்டம், தக்கலை வழியாக நாகர்கோவில் செல்லும் 66-ஆம் எண் தேசிய நெடுஞ்சாலை, கடைகளுக்கும் வீடுகளுக்கும் நடுவே வளைந்து நெளிந்து வளர்ந்த பழைய திருவிதாங்கூர்ச் சாலை. அதன் மேல் திரும்பத் திரும்பத் தார் போட்டுப் போட்டு, பல இடங்களில் சாலை உயர்ந்தும் ஓரத்து மண் தாழ்ந்தும் கிடக்கின்றன. தென்மேற்குப் பருவமழை, வடகிழக்குப் பருவமழை இரண்டும் நனைக்கும் மாவட்டத்தில் அந்த மண் எப்படி இறுகி நிற்கும்? பின்சக்கரம் அந்தப் பள்ளத்தில் இறங்கியதும் ஓட்டுநர் ஸ்டியரிங்கை வெடுக்கென்று ஒடித்தால், அதற்குமேல் வேகம் கூட வேண்டியதில்லை.

எனவே ஓட்டுநரை ஏசுவதற்கு முன், வளைவுக்கு வெகு முன்னதாகவே வேகத்தைக் குறைக்கச் சொல்லும் அடையாளம் ஏதாவது அங்கே இருந்ததா என்று பாருங்கள். வளைவுக்குள் நுழைந்தபின் பிரேக் மிதிப்பது பெரும்பாலும் காலம் கடந்த செயல். அளவுக்கு மீறி ஏற்றியவரை மட்டும் நான் மன்னிக்கமாட்டேன். 2019-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்திருத்தத்தின்படி அதற்கு 20,000 ரூபாயும், மிகுதியாக உள்ள ஒவ்வொரு டன்னுக்கும் 2,000 ரூபாயும் அபராதம் உண்டு. அதே திருத்தம், தரநிலைகளைப் பின்பற்றாததால் உயிரிழப்போ ஊனமோ நேர்ந்தால் சாலையை வடிவமைத்தவருக்கும் ஒப்பந்ததாரருக்கும் ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்க வழி செய்கிறது. இதை ஏனோ யாரும் பேசுவதில்லை.

கேள்வி (நாகர்கோவில் வாசகி): சந்திப்புகளில் ரவுண்டானா கட்டினால் விபத்து குறையும் என்கிறார்கள். ஆனால் ரவுண்டானாவில்தான் பல சக்கர டாரஸ் லாரிகள் கவிழ்கின்றன என்றும் சொல்கிறார்களே?

பதில்: இரண்டும் உண்மை. நான்கு சாலைகள் கூடும் சாதாரணச் சந்திப்பில் வாகனங்களின் பாதைகள் 32 இடங்களில் ஒன்றையொன்று சந்திக்கின்றன. ஒரு தட ரவுண்டானாவில் அது 8 ஆகக் குறைகிறது. நேருக்கு நேர் மோதல் அநேகமாக ஒழிந்துபோகிறது. ஆனால் லாரி அங்கே முதலில் இடப்பக்கம் ஒதுங்கி, பிறகு வலப்பக்கம் சுற்றி, வெளியேறும்போது மறுபடி இடப்பக்கம் திரும்புகிறது. ஒரு பக்கம் சாய்ந்த பாரம் நிமிர்வதற்குள் எதிர்ப்பக்கம் தள்ளப்படுகிறது. பாதி நிரம்பிய தண்ணீர் டேங்கரில் உள்ளே தண்ணீரும் சேர்ந்து அலைமோதும். முழுக்க நிரம்பிய டேங்கரைவிட அது நம்பத்தகாதது. நுழைவாயிலேயே சாலையை நன்றாக வளைத்து வேகத்தைக் கட்டுப்படுத்தியிருந்தால் தொல்லை இல்லை. நுழைவு நேராகவும் உள்வட்டம் இறுக்கமாகவும் இருந்தால் அது வண்டிகளுக்கு வைத்த பொறி. நீண்ட லாரியின் பின்சக்கரம் ஏறிச் செல்லத்தக்க தாழ்ந்த விளிம்பை நடுத்திட்டைச் சுற்றி அமைப்பதும் அவசியம்; அங்கே உயரமான கல்லை நட்டு வைத்தால் சக்கரம் அதில் தட்டியே வண்டி புரளும்.

கேள்வி (குழித்துறை வாசகர்): எங்கள் சந்திப்பில் வேகத்தடை கேட்டு மனு கொடுக்கலாமா?

பதில்: தேசிய நெடுஞ்சாலையில் வேகத்தடை கூடாது என்பது மத்திய அமைச்சகத்தின் நிலைப்பாடு, கிளைச்சாலை வந்து சேரும் இடத்தில் கேட்கலாம். நெடுஞ்சாலைக்கு அம்புக்குறிப் பலகைகளும், குறுக்கே அதிர்வுக் கோடுகளும், ஓரத்து மண்ணைச் சாலை மட்டத்துக்கு உயர்த்துவதும் கேளுங்கள். திங்கட்கிழமை மக்கள் குறைதீர்க்கும் நாளில் ஆட்சியர் அலுவலகத்தில் மனு கொடுங்கள்; மாவட்டச் சாலைப் பாதுகாப்புக் குழுவுக்கும் ஆட்சியரே தலைவர். சாலைக்கும் ஓரத்து மண்ணுக்கும் இடையிலுள்ள பள்ளத்தை அடிக்கோல் வைத்து அளந்து, எத்தனை சென்டிமீட்டர் என்று படத்தோடு மனுவில் சேருங்கள். மழை பெய்த மறுநாள் அளப்பது நல்லது.