இரவில் மூன்று விரல் மரத்துப்போவதற்கு

நாள் முழுக்கத் தட்டச்சு, இரவில் கட்டைவிரலும் அடுத்த இரண்டும் மரத்து விழிப்பு வருகிறது, கீபோர்டுக்கு முன்னால் வைக்கும் மணிக்கட்டுத் திண்டு வாங்கியும் குறையவில்லை என்கிறீர்கள். திண்டில் மணிக்கட்டை ஊன்றிக்கொண்டே தட்டுவதுதான் கெடுதல். அந்த விரல்களுக்குப் போகும் நரம்பு அங்கேதான் நெருக்குப்படுகிறது. தட்டாத நேரத்தில் உள்ளங்கையின் அடிப்பகுதியை வைக்க மட்டும் திண்டு. கீபோர்டின் பின்கால்களை இன்றே மடக்கிவிடுங்கள். அவை தூக்கி நின்றால் மணிக்கட்டு மேல்நோக்கி மடங்கும். முழங்கை ஏறக்குறைய 90 டிகிரி. மேசை உயரமென்றால் நாற்காலியை ஏற்றி, காலுக்கடியில் பலகை போடுங்கள்.

தூங்கும்போது மணிக்கட்டை நேராக நிறுத்தும் ஸ்பிளின்ட்டை (பட்டை போட்டுக் கையில் கட்டும் தாங்கி) 6 வாரம் விடாமல் போடுங்கள். பட்டையை இறுக்கினால் மரப்பு கூடும், ஒரு விரல் நுழையும் தளர்வு வேண்டும். கட்டைவிரல் அடிச்சதை வற்றினாலோ, டம்ளர் கைநழுவினாலோ 6 வாரம் காத்திருக்காதீர்கள், உடனே மருத்துவரைப் பாருங்கள்.