உப்புத் தண்ணீரில் பிரண்டை பிழைக்குமா?

கேள்வி: எங்கள் ஆழ்துளைக் கிணற்றில் உப்புத் தண்ணீர்தான் வருகிறது. பாத்திரம் கழுவும் தண்ணீர் ஓடுமிடத்தில் பிரண்டை நட்டு, நாள்தோறும் நீர் ஊற்றியும் அடித்தண்டு அழுகிவிடுகிறது. சந்தையில் வாங்கித் துவையல் அரைத்தாலோ நாக்கு அரிக்கிறது. என் மாமியாருக்குக் காலில் எலும்பு முறிந்திருப்பதால் அவருக்குக் கொடுக்க விரும்புகிறேன்.
— ஒரு வாசகி, தொண்டி

பதில்: உங்கள் பிரண்டை தண்ணீர் போதாமல் சாகவில்லை, மிகுந்துதான் சாகிறது. நான்கு பட்டைகள் கொண்ட அதன் சதைப்பற்றான தண்டு நீரைச் சேர்த்து வைத்துக்கொள்வதோடு, பகல் வெயிலில் நீர் ஆவியாகாதபடி மேல்தோலின் நுண்துளைகளை மூடி இரவில் திறந்து காற்றை வாங்குவதால், திராட்சைக் குடும்பத்துக் கொடியாக இருந்தும் வறண்ட வேலிகளில் கேட்பாரற்றுப் படர்கிறது. அதன் வேரடியில் ஈரம் ஓயாமல் நின்றால் அழுகும். அந்த ஈரம் உப்பும் சோப்புமாக இருந்தால் சொல்லவே வேண்டாம்.

கழுநீர் எட்டாத மேட்டிடத்தைத் தேர்ந்தெடுங்கள். ஐப்பசி, கார்த்திகை மழை மண்ணில் தங்கிய உப்பைக் கீழே கழுவி இறக்கிவிடும் என்பதால், மழை ஓயும் மார்கழியில் நடுவது நல்லது. இரண்டு கணுக்கள் உள்ள முற்றிய தண்டை வெட்டி, வெட்டுவாய் காயும்வரை இரண்டு மூன்று நாள் நிழலில் போட்டுவைத்து, ஒரு கணு மண்ணுக்குள்ளும் மற்றது வெளியிலுமாக ஊன்றுங்கள். வெறும் மணலாக இருந்தால் மக்கிய ஆட்டெரு கொஞ்சம் கலக்கலாம். துளிர் வரும்வரை வாரம் ஒருமுறை நீர் போதும். பிறகு பனைமட்டை வேலியில் ஏற்றிவிட்டு மறந்துவிடலாம்.

அந்தக் கொஞ்ச நீரும் நன்னீராக இருக்கட்டும். உங்கள் கடற்கரையில் மணலைச் சிறிது தோண்டினாலே ஊற்றில் நல்ல தண்ணீர் கிடைப்பது, மணலில் இறங்கிய மழைநீர் கனமான உப்புநீரின் மேல் மிதந்து நிற்பதால்தான். ஆழ்துளைக் குழாய் அந்த அடுக்கைத் தாண்டிக் கீழே போய்விடுகிறது. ஊற்று நீர் இல்லையென்றால், குடிநீரில் அரிசி களைந்த தண்ணீரை ஊற்றுங்கள்.

அரிப்புக்குக் காரணம், தண்டில் ஊசி ஊசியாக இருக்கும் கால்சியம் ஆக்சலேட் படிகங்கள். நுனியில் நகத்தால் கிள்ளினால் படக்கென்று ஒடிகிற இளந்தண்டை மட்டும் எடுத்து, கையில் நல்லெண்ணெய் தடவிக்கொண்டு, கணுவை நறுக்கி எறிந்து, நான்கு ஓரத்து நாரையும் உரித்துவிடுங்கள். சிறு தீயில், நல்லெண்ணெயில், பச்சை நிறம் முழுவதும் மாறிச் சுருளும்வரை வதக்கிய பின்னரே உளுந்து, வற்றல் மிளகாய், புளி சேர்த்து அரைக்க வேண்டும். புளியில் சிக்கனம் பார்க்கக் கூடாது. திவசத்து இலையில் விழும் துவையல் அரிப்பதில்லையென்றால், அது வதக்கியவரின் பொறுமை. சந்தையில் விற்பது பெரும்பாலும் முற்றிய தண்டு என்பது என் எண்ணம்.

சித்த மருத்துவம் பிரண்டையைப் பசியின்மைக்கும் மூலத்திற்கும் எலும்பு வலுவுக்கும் சொல்கிறது. ஆயினும், முறிந்த எலும்பை நேராகப் பொருத்திக் கட்டுவது மருத்துவரின் வேலை. அதைத் துவையல் செய்யாது. பச்சைத் தண்டை நசுக்கிக் காலில் வைத்துக் கட்டவும் வேண்டாம், தோல் புண்ணாகிவிடும். மாமியாருக்குச் சிறுநீரகக் கல் இருந்ததுண்டா என்று கேளுங்கள். இருந்திருந்தால் ஆக்சலேட் மிகுந்த இந்தக் கொடியைத் தவிர்ப்பதே நல்லது. இல்லையென்றால், கட்டுப் போட்ட மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொண்டு, சோற்றோடு அளவாகப் பரிமாறுங்கள்.