தொடை ரத்தமா, இதய ரத்தமா? வாசகர் கேள்விகளுக்குப் பதில்

அப்பா புற்றுநோய் வலிக்கு எட்டு மாதம் மார்ஃபின் மாத்திரை சாப்பிட்டார். குளியலறையில் விழுந்து இறந்ததால் போஸ்ட்மார்ட்டம் செய்தார்கள். ரத்தத்தில் மார்ஃபின் இருந்ததாம். நாங்கள்தான் கூடக் கொடுத்துவிட்டோம் என்று சொந்தக்காரர்கள் பேசுகிறார்கள். (வாசகி, மாட்டுங்கா)

அந்தப் பேச்சை மனதில் ஏற்றிக்கொள்ளாதீர்கள், அம்மா. சாப்பிட்ட மருந்து ரத்தத்தில் இருக்கத்தானே செய்யும்? மாதக்கணக்கில் மார்ஃபின் எடுத்தவர் உடல் அதற்குப் பழகிவிடும். புதிதாக எடுப்பவரின் மூச்சை நிறுத்திவிடும் அளவோடு அவர் உட்கார்ந்து பேசிக்கொண்டிருப்பார். இதற்கு மேல் போனால் சாவு என்று எல்லோருக்கும் ஒரே கோடு போட முடியாது.

ரத்தத்தை எங்கிருந்து எடுத்தார்கள் என்று ரிப்போர்ட்டில் பாருங்கள். இறந்த பிறகு ஈரலிலும் நுரையீரலிலும் தங்கிய மருந்து பக்கத்து ரத்தத்தில் கசியும். அதனால் இதய ரத்தத்தில் எண் ஏறித் தெரியலாம். தொடைச் சிரை ரத்தமே நம்பகமானது. மும்பையில் நான் வேலை பார்த்த ஆய்வகத்துக்கு ஒருமுறை சாம்பல் மூடிக் குழாய் ஒன்று வந்தது. கெடாமலிருக்க சோடியம் ஃபுளோரைடு சேர்த்திருந்தார்கள். லேபிளில் ‘ரத்தம்’ என்று மட்டும் இருந்தது, எந்த இடத்து ரத்தம் என்று இல்லை. கருவி எண்ணைத் துல்லியமாகக் கொடுத்தது. அதை வைத்து என்னால் எதையும் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. இன்றும் அது உறுத்துகிறது.

அப்புறம், தனி மார்ஃபினும் (மாறாமல் இருப்பது) மொத்த மார்ஃபினும் (மாறியதும் சேர்த்து) தனித்தனியாகக் கொடுக்கப்பட்டிருக்கிறதா? ஈரல் மார்ஃபினை குளுக்குரோனைடு என்ற, நீரில் எளிதில் கரையும் பொருளாக மாற்றும். அது சிறுநீரகம் வழியாக வெளியேற வேண்டும். நெடுநாள் மாத்திரை எடுத்தவரிடம் இது நிறையவே இருக்கும். மொத்தத்தை மட்டும் பார்த்தால் பயமாகத் தெரியும். சிறுநீரகம் பழுதானால் இன்னும் தேங்கும், அதில் ஒரு வகைக்கு வீரியமும் உண்டு. அதனால் மருந்துச் சீட்டுகளோடு சிறுநீரகம் எப்படி வேலை செய்தது என்று காட்டும் கடைசி கிரியாட்டினின் ரிப்போர்ட்டையும் போஸ்ட்மார்ட்டம் செய்த டாக்டரிடம் கொடுங்கள்.

குருமாவுக்குக் கசகசா அரைக்கிறோம். கப்பல் வேலைக்கான சிறுநீர்ச் சோதனையில் மாட்டுவேனா? (தாராவி)

கசகசாவில் கொஞ்சம் மார்ஃபினும் கோடீனும் ஒட்டியிருப்பது உண்மை. இதை மனதில் வைத்துத்தான் அமெரிக்கா 1998-ல் வேலையிடச் சோதனை வரம்பை மில்லிலிட்டருக்கு 300 நானோகிராமிலிருந்து 2,000-க்கு உயர்த்தியது. ஹெராயின் விட்டுச்செல்லும் 6-மோனோஅசிட்டைல்மார்ஃபின் கசகசாவிலிருந்து வராது. சோதனைக்கு முன் மூன்று நாள் கசகசாவுக்குப் பதில் முந்திரி அரைத்துக்கொள்ளுங்கள்.

ஹெராயினையே ரத்தத்தில் பிடிக்க முடியாதா சார்? (மாணவர், முலுண்ட்)

பெரும்பாலும் முடியாது. சில நிமிடங்களிலேயே உடைந்துவிடும். மேலே சொன்ன அதன் சுவடைத்தான் தேடுகிறோம்.

இறந்த பையனின் சட்டைப்பையில் டிராமடால் என்ற வலி மாத்திரை அட்டை இருந்தது. போதைமருந்து காட்டும் ஸ்ட்ரிப் சோதனை நெகட்டிவ். எப்படி? (காவலர், செம்பூர்)

ஓபியேட் (அபினி வகை மருந்து) ஸ்ட்ரிப்பில் இருக்கும் ஆன்டிபாடி மார்ஃபின் போன்ற வடிவத்தைத்தான் பிடிக்கும். டிராமடாலும், ஃபென்டனில் என்ற இன்னொரு வலி மருந்தும் வடிவத்தில் வேறு என்பதால் நழுவிவிடும். மருந்துகளைப் பிரித்து மூலக்கூறின் எடையை வைத்து அடையாளம் காணும் எல்சி-எம்எஸ்-எம்எஸ் கருவியில் பார்க்க வேண்டும். டியூட்டீரியம் (கனமான ஹைட்ரஜன்) ஏற்றிய அதே மருந்தைத் தெரிந்த அளவில் ரத்தத்தில் கலந்து, அதோடு ஒப்பிட்டு அளப்போம். டிராமடால் 2018 முதல் என்டிபிஎஸ் என்ற போதைப்பொருள் தடுப்புச் சட்டத்துக்குள் வருகிறது. ஆய்வகத்துக்கு அனுப்பும் கடிதத்தில் அந்த அட்டையையும், அதில் எத்தனை மாத்திரை காலி என்பதையும் கட்டாயம் எழுதுங்கள்.